நீங்கள் எவடம்?

“எனக்குப் பதினொரு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். கொஞ்சக் காலமாக எனக்கு அடிக்கிறாள். கோபம் வந்தால் கடிப்பாள், நுள்ளுவாள், கையில் அகப்பட்டதை எடுத்து எறிவாள். பிறகு அவளே அழுவாள். காயம் தெரியாமல் இருக்க வெயிலிலும் நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வெளியே போகிறேன். நான் திருப்பி அடித்ததில்லை. என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.”

இதை எழுதியவருடைய பெயர் மேலே இல்லை. ‘பெயர் சொல்லாத கேள்வி’ என்ற தலைப்பு மட்டும் இருந்தது. கீழே நூற்றுக்கு மேற்பட்ட கருத்துகள் இருந்தன. முன்பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, அவர்களுடைய குட்டிக் கதிரை ஒன்றில் முழங்காலை மடித்து உட்கார்ந்துகொண்டு ஹன்னா அவற்றை வாசித்தாள். முதலாவது கருத்து ஊரைக் கேட்டது: “நீங்கள் எவடம்?” அடுத்தது, “எந்தப் பள்ளிக்கூடம்?” அதற்கடுத்தது, “தகப்பன் என்ன வேலை?” பிறகு அழுகிற முகப் படங்கள், ‘ஐயோ பாவம்’, ‘வளர்த்த முறை’, திரும்பவும் “எவடம்?” கடைசிவரை வாசித்து முடித்தபோது அவளுடைய காது இரண்டும் சூடாகியிருந்தன. இத்தனை பேரில், கேட்டதற்குப் பதில் எழுதியவர் ஒருவரும் இல்லை.

‘பிள்ளைகளோடு’ என்ற அந்த முகநூல் குழுவை ஹன்னா தன் ஊரான பண்டத்தரிப்பில் தன் முன்பள்ளித் தாய்மாருக்காகத் தொடங்கினாள். எந்தக் காய்ச்சலுக்கு எப்போது வைத்தியரிடம் போவது, சாப்பிடாத பிள்ளைக்கு எதைக் கொடுப்பது என்ற அளவில்தான் அது இருந்தது. வலிகாமப் பகுதி முழுவதும் சேர்ந்து, பிறகு குடாநாடு முழுவதும் சேர்ந்தபோது, ஆட்கள் கூடினார்கள். கேள்விகள் சிறுத்துக்கொண்டே போயின. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இடத்தில் பாரமான கேள்வியை யார் கேட்பார்கள்? அதனால்தான் அவள் ஒரு புது ஒழுங்கைக் கொண்டுவந்தாள். கேட்க வெட்கப்படுகிறவர்கள் அவளுக்குத் தனியாக எழுதலாம். ஊர், பள்ளிக்கூடம், உறவு எல்லாவற்றையும் வெட்டிவிட்டுப் பெயரில்லாமல் அவள் போடுவாள். எழுதியது யார் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். குழுவை அவளோடு சேர்ந்து நடத்துகிற நீர்வேலி மீனாம்பிகைக்குக்கூடத் தெரியாது.

படுக்கையை நனைக்கிற பிள்ளையைப் பற்றி, களவெடுக்கிற பிள்ளையைப் பற்றி, தகப்பனோடு கதைக்காத பிள்ளையைப் பற்றி எல்லாம் கேள்விகள் வந்தன. இப்போதுதான் இது உபயோகமான ஒன்றாகிறது என்று ஹன்னா இரவு ஜெபத்தில் நன்றி சொன்னாள்.

ஆனால் ஒரு பழக்கத்தை அவள் கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு எதைச் சொல்லுவதற்கு முன்னும் அவர் எவடம், எந்த ஊர் என்று தெரிந்தாக வேண்டும். அன்பாகவும் அப்படிக் கேட்பார்கள். அளந்து பார்க்கவும் அப்படித்தான் கேட்பார்கள். குரலில் வித்தியாசம் தெரியாது.

இந்தக் கேள்வியிலிருந்தும் அவள் நிறைய வெட்டியிருந்தாள். ஊர் சங்கானை என்பதை வெட்டினாள். தகப்பன் கத்தாரில் என்பதை வெட்டினாள். நீளக்கைச் சட்டையை மட்டும் விட்டுவிட்டாள். அந்த வரியை வாசித்தால் யாருக்கும் மனம் இளகும் என்று நம்பினாள். அவர்கள் பிடித்துக்கொண்டது அந்த வரியைத்தான்.

தொடங்கிவைத்தவர் கஜானன். சுன்னாகத்தில் ரியூசன் நடத்துகிறவர். கிழமைக்கு ஒரு மாதிரி வினாத்தாளை இலவசமாகக் குழுவில் போடுவதால் அவருடைய சொல்லுக்கு அங்கே மதிப்பு இருந்தது. நீளக்கைச் சட்டை, பதினொரு வயது மகள், அளவெட்டியில் ஒருவர் வங்கியில் வேலை செய்கிறார், கண்டவர்கள் சொல்லுங்கள் என்று எழுதினார். பின்னேரத்துக்குள் துஷாந்தினி என்ற பெயர் வந்துவிட்டது. வரிசையில் நின்ற யாரோ கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து எடுத்த படமும் வந்தது. முகம் இல்லை. முத்திரை குத்துகிற ஒரு கையும், மணிக்கட்டுவரை வந்த நீலச் சட்டைக்கையும்தான்.

வங்கிக்குள் குளிரூட்டியின் குளிர் தாங்காமல் நீளக்கை போடுகிற பெண் அவர். ஹன்னாவுக்கு அவரை முகநூலில் மட்டும்தான் பழக்கம். படத்தை நீக்கிவிட்டு எழுதினாள்: “இது துஷாந்தினி அல்ல. தயவுசெய்து நிறுத்துங்கள்.”

அடுத்த பெயர் உடனே வந்தது. நீர்வேலிப் பக்கத்து ஆசிரியை ஒருவர். அந்தப் பெயருக்குக் கீழேயும் ஹன்னா “அல்ல” என்று எழுதினாள். அப்பாவியான ஒரு பெண்ணைத் தெருவில் இழுத்துக்கொண்டு போகும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா என்றுதான் அவள் நினைத்தாள்.

மறுநாள் மீனாம்பிகை தொலைபேசியில் வந்தாள். தோட்டத்தில் வாழைக்குலை வெட்டுகிற இடத்தில் நிற்கிறாள் என்பது சத்தத்தில் தெரிந்தது.

“நீர் என்ன செய்துகொண்டிருக்கிறீர் எண்டு உமக்கு விளங்குதே?”

“பிழையான ஆக்களைக் காப்பாத்திறன்.”

“ரெண்டு பேருக்கு இல்லை எண்டிட்டீர். இனி வாற ஒவ்வொரு பேருக்கும் நீர் இல்லை எண்டு சொல்லவேணும், ஹன்னா. எந்தப் பேருக்குச் சும்மா இருக்கிறீரோ, அதுதான் ஆள். வடிவா வலையைப் பின்னி அவையின்ரை கையிலை குடுத்திருக்கிறீர்.”

ஹன்னா ஏதோ சொல்ல வாயெடுத்தபோது கைத்தொலைபேசி அதிர்ந்தது. கஜானன் எழுதியிருந்தார்: “சங்கானைப் பொன்மலரோ? சேர்ச்சிலை பாடுறவ. மத்தியான வெயிலிலும் நீளக்கை. முதல் ரெண்டு பேருக்கும் ரீச்சர் உடனை பதில் சொன்னனீங்கள். இதுக்கும் சொல்லுங்கோ. ஓமோ, இல்லையோ?”

ஹன்னா அதை மீனாம்பிகைக்கு வாசித்துக் காட்டினாள்.

“இதென்ன பெரிய வேலை? இல்லை எண்டு எழுதிவிடும்,” என்றாள் மீனாம்பிகை.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாடகர் குழுவில் தனக்கு முன்வரிசையில் நிற்கிற அந்த முதுகையும், ஒவ்வொரு பாட்டுக்கும் முன்பு சட்டைக்கையைக் கீழே இழுத்துவிடுகிற அந்த விரல்களையும் அவள் நினைத்தாள். இல்லை என்று எழுதினால் அது பொய். பொய் சொல்லக் கூடாது என்பது அவளுக்கு வாயளவு உபதேசமாக இருந்ததில்லை. முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊசி வலிக்காது என்றுகூட அவள் சொன்னதில்லை. எழுதாமல் விட்டால் அதுவே ஓம். பதிவை நீக்கினாலும் ஓம்தான். எல்லோரும் ஏற்கெனவே அதைப் படம் பிடித்து வைத்திருந்தார்கள்.

தொலைபேசிக்குள் வாழையிலைகள் அடிபடுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. மீனாம்பிகை அந்த மௌனத்தை விளங்கிக்கொண்டாள்.

“இஞ்சை தோட்டத்துக்குள்ளை சிக்னல் சரியில்லை,” என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. “நீர் சொன்னது எனக்கொண்டும் காதிலை விழேல்லை. நானும் உம்மட்டை ஒண்டும் கேக்கேல்லை. சரியே? வைக்கிறன்.”

அந்தச் சிறிய இரக்கத்துக்கு ஹன்னா நன்றி சொல்லுமுன் தொடர்பு அறுந்துவிட்டது.

பின்னேரம் பொன்மலர் எழுதினாள். கோபிக்கவில்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. “அக்கா, நீங்கள் ஒண்டும் எழுதாததைப் பாத்தன். ஏனெண்டு விளங்குது. ஆனா மகளின்ரை வகுப்புத் தாய்மார் எல்லாரும் அதுக்குள்ளை இருக்கினம். திங்கள் அவள் பள்ளிக்கூடம் போகவேணும். தாய்க்கு அடிக்கிறவள் எண்டு ஒரு பிள்ளை கேட்டாலும், அவள் பிறகு அந்தப் படி ஏறமாட்டாள். என்னைப் பற்றிப் பரவாயில்லை. அவளை மட்டும் பாருங்கோ.”

அன்று இரவு ஹன்னா தன் கோபத்தை எடுத்துவிடும்படி கடவுளிடம் மன்றாடினாள். கோபம் போகவில்லை. எடுத்துவிடாமல் வைத்திருக்கிறார் என்றால் அதில் தனக்கு ஏதோ வேலை இருக்கிறது போலும் என்று எண்ணிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சுன்னாகத்துக்குப் போனாள். கஜானனின் ரியூசன் வகுப்பில் இடைவேளை. பிள்ளைகள் வெளியே தண்ணீர்ப் போத்தல்களோடு சத்தமிட்டுக்கொண்டு நின்றார்கள். கஜானன் கரும்பலகைக்கு முன் நின்றவர் அவளைக் கண்டதும் உண்மையான மரியாதையோடு கதிரையைத் துடைத்துப் போட்டார். அவள் இருக்கவில்லை. தான் நீக்கினால் அதுவும் ஓமாகிவிடும் என்பதால், அந்தப் பெண்களின் பெயர்களை அவரையே நீக்கச் சொன்னாள். அவர் ஆச்சரியப்பட்டார். தான் கெட்ட எண்ணத்தோடு எதுவும் செய்யவில்லை என்றார். தனக்கும் ஒரு பெண்பிள்ளை இருக்கிறதாம். ஆள் தெரிந்தால் தானே வீட்டுக்குப் போய் அந்தப் பிள்ளையோடு கதைப்பாராம்.

“ஆரெண்டு தெரியாமல் எப்பிடி ரீச்சர் உதவி செய்யிறது?”

“துஷாந்தினி எண்டு கண்டுபிடிச்சனீங்கள்தானே. அவவுக்கு என்ன உதவி செய்தனீங்கள்?”

“அது பிழையான ஆளாப் போச்சு.”

“பிழையான ஆளெண்டு உங்களுக்கு அண்டைக்குத் தெரியாது, கஜானன். சரியான ஆளெண்டு நினைச்சுத்தான் அவவின்ரை கையைப் போட்டுக் காட்டினீங்கள். காயம் இருக்கிற கையெண்டு நினைச்சுத்தான் போட்டீங்கள். அந்தக் கைக்கு ஒரு மருந்து கொண்டுபோய்க் குடுத்தனீங்களே? ஒராளாவது?”

அவர் கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கினார். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. பிறகு திரும்பாமலே சொன்னார்: “நீங்கள் ஓமெண்டோ இல்லையெண்டோ ஒரு சொல்லுச் சொன்னா எல்லாம் முடிஞ்சிடும். நீங்கள்தான் இழுக்கிறீங்கள்.”

அந்த இடத்தில் ஹன்னாவுக்கு வாய்க்குள் வந்த வார்த்தைகளை அவள் வாழ்க்கையில் ஒருநாளும் உச்சரித்ததில்லை. உச்சரிக்காமலே வெளியே வந்தாள். ஸ்கூட்டியைத் திருப்பினாள். ஒரு சின்னப் பெண் தண்ணீர்ப் போத்தலை நீட்டி, “மிஸ், குடிக்கிறீங்களே?” என்று கேட்டாள். ஹன்னா வாங்கிக் குடித்தாள்.

அவள் வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு பெண் காத்து நின்றாள். சனிக்கிழமை, வங்கி இல்லை. குட்டைக்கைச் சட்டை போட்டிருந்தாள். ஹன்னாவின் கண் முகத்துக்குப் போகுமுன் அந்தக் கைகளுக்குத்தான் போனது. வெறும் கைகள், ஒரு கீறலும் இல்லாதவை. பார்த்த பிறகுதான் தான் பார்த்தது அவளுக்கு விளங்கியது.

“பாத்திட்டீங்களே?” என்றாள் துஷாந்தினி. “எல்லாரும் பாக்கினம். இருக்கட்டும்.”

ஹன்னா மன்னிப்புக் கேட்டாள். உள்ளே வந்து தேத்தண்ணி குடிக்கும்படி கேட்டாள். துஷாந்தினி உள்ளே வந்தாள், தேத்தண்ணி வேண்டாம் என்றாள், நின்றுகொண்டே கதைத்தாள். கஜானன் மீது அவளுக்கு இருந்த கோபத்தை இரண்டு வசனத்தில் முடித்துவிட்டாள். மிச்சம் முழுவதும் ஹன்னாவுக்குத்தான்.

“ஆர் உங்களை எனக்காகக் கதைக்கச் சொன்னது, ரீச்சர்? நான் கேட்டனானே? ‘துஷாந்தினி அல்ல’ எண்டு எழுதினவுடனை எல்லாரும் எனக்குப் போன் எடுத்துச் சந்தோசப்பட்டினம். நானும் சந்தோசப்பட்டன். அடுத்தநாள் மூண்டாவது பேரும் வந்தபிறகுதான் விளங்கிச்சு. நான் வெளியிலை வந்த வாசலாலை ஆரோ ஒருத்தியை உள்ளுக்கை தள்ளியிருக்கு.”

அப்படி நினைத்துச் செய்யவில்லை என்றாள் ஹன்னா.

“எனக்குத் தெரியும். நல்ல மனதோடைதான் செய்தனீங்கள். அதாலைதான் உங்களோடை சண்டை பிடிக்க வந்தனான். உந்தக் கஜானனோடை என்னத்தைக் கதைக்கிறது?”

பிறகு கதிரையில் இருந்தாள். எழுதியவர் யாரென்று தனக்குச் சொல்ல வேண்டாம் என்றாள். மூன்று பெயரும் வந்தாயிற்று, கேள்விக்கு மட்டும் இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை, கவனித்தீர்களா என்று கேட்டாள். தன் கையைத் தேடிப் பிடிக்க முடிந்தவர்களுக்கு ஒரு தாய்க்கு நாலு வரி எழுத முடியவில்லையே என்றாள். சொல்லிக்கொண்டே கைத்தொலைபேசியை எடுத்து எழுதத் தொடங்கினாள். ஹன்னா தேத்தண்ணியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். இந்த முறை அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை.

எழுதி முடித்ததும் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

“நான் துஷாந்தினி. அளவெட்டி. வங்கியில் வேலை. என்னைப் பற்றி ஹன்னா ரீச்சர் எழுதிய ‘அல்ல’ என்ற சொல்லை நான் திருப்பிக் கொடுக்கிறேன். அதை நான் கேட்கவில்லை. இனி அவர் யாருடைய பெயருக்கும் ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லமாட்டார். அந்தக் கேள்வியை இப்போது என் பெயரில் கேட்கிறேன். பதினொரு வயது மகள் தாய்க்கு அடித்தால் தாய் என்ன செய்ய வேண்டும்? பெயர் கேட்டீர்கள், தந்திருக்கிறேன். ஊர் கேட்டீர்கள், தந்திருக்கிறேன். இனிப் பதிலைத் தாருங்கள்.”

ஹன்னா அதை இரண்டு தரம் வாசித்தாள். எங்கேயாவது ஒரு பொய் இருக்கிறதா என்று தேடினாள். இல்லை. ஆனால் இதைப் போட்டால் எல்லோரும் என்ன நினைப்பார்கள் என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

“உங்கடை மகள்?”

“அவளிட்டைக் கேட்டிட்டுத்தான் வாறன். அவள் எனக்கு ஒருநாளும் கை நீட்டினதில்லை. ‘பள்ளிக்கூடத்திலை கேட்டா என்னடி சொல்லுவாய்’ எண்டன். ‘என்ரை அம்மாவைக் கேளுங்கோ எண்டு சொல்லுவன்’ எண்டாள்.” அதைச் சொல்லும்போதுதான் அவளுடைய குரல் முதன்முதலாக ஆடியது. “உங்களுக்கு விருப்பமில்லாட்டியும் போடுவன், ரீச்சர். நீங்கள் நீக்காமல் இருந்தாக் காணும்.”

ஹன்னா நீக்கவில்லை. குழுவின் உச்சியில், யாருடைய கண்ணுக்கும் தப்பாத இடத்தில் அதை நிறுத்திவைத்தாள். பழைய பதிவின் கீழே இனி யாரும் எழுத முடியாதபடி பூட்டினாள்.

முதலில் வந்தவை சிரிப்புப் படங்கள். “அப்ப நீங்கள்தானே?” என்று ஒருவர் கேட்டார். துஷாந்தினி, “பதில்” என்று எழுதினாள். “ஏன் முதல் ரீச்சர் இல்லையெண்டு சொன்னவ?” என்று இன்னொருவர். “பதில்.” பிள்ளை எந்த வகுப்பு என்று ஒருவர். “பதில்.” வங்கியில் வரிசை நகராத நாட்களில் அவள் அப்படித்தான் பேசுவாள் போலும் என்று ஹன்னாவுக்குத் தோன்றியது. அந்தக் கோபத்துக்கு நடுவிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இருட்டத் தொடங்கும்போது காரைநகரிலிருந்து ஒரு தாய் எழுதினாள். என் மகனும் அப்படி இருந்தவன். வைத்தியரிடம் போக ஒரு வருடம் வெட்கப்பட்டேன், அந்த வருடம்தான் வீணானது. யாருக்காவது தனியாகப் போகப் பயமென்றால் நான் கூட வருகிறேன் என்றாள். அடுத்ததாக ஒரு தகப்பன், எறியக்கூடிய சாமான்களை முதலில் அறையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்றார். மூன்றாவது பதிலை எழுதியவர் தன்னைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. “அடிக்கிற நேரம் கதைக்காதேங்கோ. கைக்கு எட்டாத தூரத்திலை நிலத்திலை இருங்கோ. அறையை விட்டுப் போகாதேங்கோ. அடங்கினபிறகு தண்ணி குடுங்கோ. அதைப் பற்றி அண்டைக்குக் கேக்காமல் அடுத்தநாள் கேளுங்கோ.”

இவ்வளவும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கேள்வி வந்த அன்றே தெரிந்திருந்தது. ஒரு பெயரும் ஊரும் கிடைக்கும்வரை மடிக்குள் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். அதை நினைக்க நினைக்க ஹன்னாவின் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை.

ஞாயிறு ஆராதனையில் பொன்மலர் நீளக்கைச் சட்டையோடுதான் நின்றாள். இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஹன்னா தன் இடத்தை விட்டு முன்வரிசைக்குப் போய் அவளுக்குப் பக்கத்தில் நின்றாள். பாட்டுப் புத்தகத்தை இருவருக்கும் நடுவில் விரித்துப் பிடித்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தபோது, பொன்மலரின் பெயர் இருந்த வரியைக் கஜானன் நீக்கியிருந்தார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம்போல அந்தக் கிழமை வினாத்தாளைப் போட்டிருந்தார்.

திங்கட்கிழமை மாலையில் பொன்மலரிடமிருந்து செய்தி வந்தது. “பிள்ளை பள்ளிக்கூடம் போட்டு வந்திட்டாள், அக்கா. ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லையாம். மூண்டாவது பதிலைச் செய்து பாத்தன். நேற்று அடிக்கேல்லை. இண்டைக்கு என்ன மாதிரியோ தெரியாது. துஷாந்தினி அக்காவின்ரை மகளைப் பற்றித்தான் எல்லாரும் கதைச்சதாம். நான் அவவுக்கு என்னத்தைச் சொல்ல?”

ஹன்னா அந்தக் கடைசி வரிகளைத் திரும்பவும் வாசித்தாள். ஒரு பிள்ளை தப்பிக்க இன்னொரு பிள்ளை அதைச் சுமக்க வேண்டியிருந்தது. இத்தனை ஆயிரம் பெற்றோர் இருக்கிற இடத்தில். “இப்ப ஒண்டும் சொல்லவேண்டாம்,” என்று எழுதினாள். “உங்கடை பிள்ளையைப் பாருங்கோ. ஒருநாளைக்கு அவவையும் மகளையும் நான் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வாறன்.”

பிறகு குழுவின் விதிகளைத் திறந்து, இனி எந்த நடத்துநரும் எவருடைய பெயருக்கும் ஓம், இல்லை சொல்லமாட்டார் என்று சேர்த்தாள். காத்திருந்த இன்னொரு கேள்வியைப் போட்டாள். பாடசாலையில் ஒருவரோடும் பேசாத ஏழு வயது மகனைப் பற்றி ஒரு தாய் கேட்டிருந்தாள். இந்த முறை ஹன்னா சட்டையும் இல்லை, சப்பாத்தும் இல்லை என்னும்வரை எல்லாவற்றையும் வெட்டியிருந்தாள்.

முதல் கருத்து உடனே விழுந்தது. “நீங்கள் எவடம்?”

இரத்தம் தலைக்கேறியது. அந்த ஆளை வெளியே போடுவோமா என்று விரல் போனது. அதற்குள் கீழே ஒரு வரி வந்தது. மீனாம்பிகை எழுதியிருந்தாள்: “நீர்வேலி. பதிலைச் சொல்லும்.” அதற்குக் கீழே துஷாந்தினி: “அளவெட்டி. பதில்.”

ஹன்னா யோசித்தாள். கேள்வி எல்லோருக்கும் முன்னால் கேட்கப்பட்டிருந்தது. அவளும் அங்கே இருந்தாள். நீங்கள் எவடம் என்று கேட்டால் தன் ஊரைச் சொல்லுவது எப்படிப் பொய்யாகும்?

கைத்தொலைபேசியின் கண்ணாடி நொறுங்கிவிடுமோ என்னும்படி ஒவ்வொரு எழுத்தையும் குத்திக் குத்தி எழுதினாள்: “பண்டத்தரிப்பு.”